குடுவை அமைதிக் குழு

முதல் பூசை முடிந்ததும் சாந்தோம் கோயிலிலிருந்து நேரே வீட்டுக்குத் திரும்புகிற வழக்கம் வால்டருக்குக் கிடையாது. அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நொச்சிக்குப்பத்து மீன் கடைகளை நோக்கி நடப்பார். தேசம்மாவின் கடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் அரிந்து தள்ளும் குடலில் ஒரு துண்டை எடுத்துப் போத்தலுக்குள் இட்டு, ஈக்கள் உள்ளே நுழையும்வரை செபமாலை உருட்டுவார். போத்தலின் உட்புறம் கறுத்ததும் மூடியைத் திருகிவிட்டுப் பட்டினப்பாக்கத்தில் பேருந்து ஏறுவார். எத்தனை நெரிசலிலும் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். சென்னை மக்கள் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று அவர் நெடுநாளாக நம்பி வந்தார்.

அந்த ஈக்கள் போய்ச் சேருமிடம் அடையாற்றில் இருந்த குடுவைச்செடி நீருயிர் ஆய்வு மையம். அதன் கண்ணாடி வீட்டில் வரிசை வரிசையாகக் குடுவைச் செடிகள் தொங்கின. இலை நுனியில் ஒரு குடுவை. குடுவைக்கு வழுக்கும் விளிம்பு. உள்ளே கொஞ்சம் நீர். வால்டர் ஈயை விடுவார். ஈ வழுக்கும், விழும், முழுகும். செடி ஈயைத் தின்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுத் திருப்தியோடு மூடிவைத்தவர்கள் பாதிக் கதையைத்தான் படித்தவர்கள். அந்த நீருக்குள் ஓர் ஊரே குடியிருந்தது. விழுந்த ஈயின் வயிற்றை வண்டலில் கிடக்கும் சிறு புழுக்கள் கிழித்தன. கிழிந்ததைப் பாக்டீரியாக்கள் அழுக வைத்தன. பாக்டீரியாக்களை ஒருசெல் உயிர்கள் விழுங்க, இருவரையும் சேர்த்துக் கொசுப்புழுக்கள் வாரி வாயில் போட்டுக்கொண்டன. கொசுப்புழுவைக் கவ்வி உலுக்கிச் சாகடிக்க யானைக்கொசுவின் புழு ஒன்று, தவிட்டுச் சிவப்பில், அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாருடைய எச்சமும் கரைந்து செடிக்குப் போயிற்று.

"பாவம் இல்லியாம்மா இது?" என்று வால்டர் ஒருமுறை கேட்டார்.

"கொல்றது நின்னாதான்ணா பாவம்," என்றாள் ஷண்முகப்ரியா. "ஒரு டம்ளர்ல இருக்கிற குளம் இது. மேல இருக்கிறவன் கொல்லலன்னா கீழ இருக்கிறவனுங்க பெருகி எல்லாத்தையும் தின்னு தீத்துடுவானுங்க."

ஷண்முகப்ரியா வடபழனிப் பெண்; அந்த மையத்தின் ஆய்வு மாணவி. கடைசி வரிசையில் ஓரமாகத் தொங்கிய பெரிய குடுவையில் அவளுடைய இத்தனை ஆண்டு உழைப்பும் மிதந்தது. டிசம்பரில் வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். அந்த நீரூர் உயிரோடு இயங்குவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் பட்டம். இல்லையென்றால் பதிவுக் காலம் முடிந்து, அவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வினை அவள் நேர்மையால் வந்தது. அந்த ஆண்டு ஆய்வு நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் குழு ஒன்று புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தது: 'கடந்த ஆண்டில் தங்கள் வளாகத்தில் நிகழ்ந்த வன்முறைச் சாவுகள் எத்தனை?' மற்ற நிறுவனங்கள் எல்லாம் 'இல்லை' என்று எழுதி அனுப்பின. இந்த மையத்தில் கேள்விகளுக்கு விடை எழுதும் வேலை ஷண்முகப்ரியாவின் தலையில் விழுந்தது. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதினாள்: 'சுமார் நான்கு லட்சம். பாக்டீரியாக்கள் நீங்கலாக.'

குழு பதறிவிட்டது. பதினைந்து நாளில் நேரில் வருவதாக ஆள் விட்டது.

இயக்குநர் முனைவர் டில்லிபாபு அவசரக் கூட்டம் கூட்டினார். ஈக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் வால்டரையும் அழைத்திருந்தார்கள். அவர் சுவரோரம் நின்றார்.

"நண்பர்களே," என்று இயக்குநர் தொடங்கினார், "நான் வன்முறையை அறியாதவன். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவரை நான் ஒரு சொல் கடிந்து பேசியதுண்டா? அவர் அறைக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தினேன். பிறகு தண்ணீரை. அவர் தாமாகவே போய்விட்டார். அதற்குப் பெயர் அகிம்சை. பெரியவர் சிறியவரைத் தின்னும் கொடுமை என் வளாகத்தில், அதுவும் என் அனுமதியில்லாமல், நடக்கலாமா? ஷண்முகப்ரியாவின் கட்டுரையில் முதற்பெயராக என் பெயரைப் போட்டேனே, அந்தப் பெண் முனகினாளா? அப்படியல்லவா உயிர்கள் ஒன்றோடொன்று இணங்கி வாழ வேண்டும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த இடத்திலேயே 'குடுவை அமைதிக் குழு' பிறந்தது. குழுவுக்குத் தலைமை யார் என்பதில்தான் சிறு கருத்து வேறுபாடு. விளிம்பில் நிற்கும் ஈ தமது துறைக்கு உரியது, ஆகவே வன்முறையின் தோற்றுவாய் தம்முடையது என்றார் தாவரவியல் பேராசிரியர் ஜாக்சன். நீரில் விழுந்த கணமே ஈ தம்முடையது என்றார் விலங்கியல் பேராசிரியர் ஷில்பா.

"விழுந்துக்கினு இருக்கும்போது?" என்று கேட்டுவிட்டார் வால்டர். அறியாமல் கேட்டதுதான்.

விளிம்புக்கும் நீருக்கும் நடுவே இருக்கும் ஈ யாருக்குச் சொந்தம் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. ஜாக்சன் மேசைமேல் தாள் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எறிந்தார். ஷில்பா தம் எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கால் அதற்கு விடை சொன்னார். ஜாக்சனின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டி, அமைதிக் குழுவின் முதல் தீர்மானம் எழுதியிருந்த தாளை நனைத்தது. 'உறுப்பினர்கள் உயிரோட்டமாக விவாதித்தனர்' என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது.

தீர்மானங்கள் வருமாறு அமைந்தன. இனி குடுவைகளில் ஈ விடலாகாது. ஆனால் ஈ பிடிப்பது வால்டரின் பணி விதிகளில் இருப்பதால் அவர் நாள்தோறும் பிடித்து, அடையாற்றுப் பாலத்தருகே கொண்டுபோய் விடுவிக்க வேண்டும். செடிகளுக்கும் புழுக்களுக்கும் சைவ உணவாக மீல்மேக்கரைப் பொடித்துத் தூவ வேண்டும். யானைக்கொசுப் புழுவை வெளியே எடுத்துத் தனிக் குழாயில் அடைத்து, மனம் திருந்தும்வரை மீல்மேக்கர் கொடுக்க வேண்டும்.

"அறிவியல்படி அது செத்துப்போகும், சார்," என்றார் ஷில்பா, சாப்பாட்டு அடுக்கின் நசுங்கலைத் தடவியபடி.

"நிர்வாகப்படி?"

ஷில்பா அடுக்கைக் கீழே வைத்தார். "நிர்வாகப்படி அது ஓய்வு."

வால்டரை அமைதி அலுவலர் ஆக்கினார்கள். குறுக்கே அணிய வெள்ளைப் பட்டை ஒன்றும், கழுத்தில் தொங்க ஊதல் ஒன்றும் கிடைத்தன. குடுவைக்குள் எதுவும் எதையும் தின்னக் கண்டால் அவர் ஊத வேண்டும். அந்த மையத்தில் அவருக்கு இதுவரை யாரும் நாற்காலிகூடக் காட்டியதில்லை. பட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவில் தம் உருவத்தைப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

மறுநாள் காலை தேசம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இன்னா நைனா, மாப்ள மாதிரி பட்ட கட்டிக்கினு வந்துகீற?"

"புரோமோசன், தேசம்மா. இனிமே ஈய புட்ச்சி, பாலத்தாண்ட வுட்டுடணும்."

"வுடறதுக்கு எதுக்குய்யா புடிக்கிற?"

"அது ரூல்ஸ்."

"அந்த ஈ நேரா இங்கதான வரும்! என் மீன்ல குந்துனத இட்டுக்கினு போயி, மறுபடி என் மீன்லயே குந்த வக்கிறதுக்கு ஆபீசு, ஆபீசருங்க, அதுக்கு ஒரு பீப்பி வேற!" அவள் வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் துண்டாக்கினாள். வால்டர் கடமை உணர்ச்சியில் ஊதலை வாயில் வைத்துவிட்டார்.

இவையெல்லாம் நடந்தபோது ஷண்முகப்ரியா ஊரில்தான் இருந்தாள். ஆனால் மையத்தில் இல்லை. வடபழனிக் கோயிலில் அவளுடைய அக்கா கல்யாணம். விடுப்பில் போகும்போது வால்டரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்: "ஒரு வாரம்தான்ணா. கடைசிக் குடுவைய யாரையும் தொட விடாதீங்க. உங்கள நம்பித்தான் போறேன்."

"நா இருக்கசொல்ல எவன் தொடுவான்? நீ போயி கல்யாணத்த பாரும்மா," என்றிருந்தார் அவர்.

வேறு எவனும் தொடவில்லை. பட்டையும் ஊதலுமாக அவரே போய்த் தொட்டார். இடுக்கியால் யானைக்கொசுப் புழுவை எடுத்தபோது அது வளைந்து திரும்பி இடுக்கியையே கடித்தது. மீல்மேக்கர் பொடியைக் கைநிறைய அள்ளித் தூவினார். 'இயக்குநர் உத்தரவு' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். ஆனாலும் கை கொஞ்சம் தாராளமாகவே அள்ளியது.

அமைதி எல்லாக் குடுவைகளிலும் வேகமாகப் பரவியது. மூன்றாம் நாள் நீர் கலங்கியது. நான்காம் நாள் சாக்கடை நாற்றம் அடித்தது. பாக்டீரியாக்கள் அளவுக்குமீறிக் கொழுத்து நீரிலிருந்த காற்றை எல்லாம் உறிஞ்சிக்கொள்ள, ஒருசெல் உயிர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வண்டலில் இருந்த சிறு புழுக்கள் மூச்சுமுட்டி மேலே வந்து, வெளுத்து மிதந்தன. கொசுப்புழுக்கள் மட்டும் சாகவில்லை. அவை நீருக்கு மேலே குழல் நீட்டி மூச்சு விடுபவை. அழுகல் அவற்றுக்கு விருந்து. கொல்வதற்கும் ஆளில்லை. நாற்றத்துக்கு வந்த கொசுக்கள் மேலும் மேலும் முட்டையிட அவை பெருகின, பெருத்தன, ஒன்றன்மேல் ஒன்று நெரிந்தன. யாரும் யாரையும் கடித்துத் தின்னவில்லை என்பதால் வால்டர் ஒருமுறைகூட ஊத நேரவில்லை. தனிக் குழாயில் இருந்த யானைக்கொசுப் புழு மீல்மேக்கரைத் தொடாமல் பட்டினி கிடந்து ஒருநாள் நேராக நீண்டுவிட்டது. 'சாவு' என்ற சொல் தடை செய்யப்பட்டிருந்ததால் 'முழு அமைதி எய்தியது' என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள்.

ஷண்முகப்ரியா கையில் மருதாணியும் கல்யாண லட்டுப் பெட்டியுமாகத் திரும்பி வந்தாள். "வால்டர்ணா, உங்களுக்குத்தான் மொதல்ல," என்று சொல்லிக்கொண்டே கடைசி வரிசைக்கு நடந்தவள், நாற்றத்தில் நின்றுவிட்டாள். குடுவைக்குள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"யார்ணா?"

"ஆர்டரும்மா. டைரக்டரு—"

"யாரு கைய வச்சதுன்னு கேட்டேன்."

வால்டரின் கை தானாகப் பட்டையின்மேல் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். ஊதலை அவர் கழுத்திலிருந்து ஒரே இழுப்பில் அறுத்து, அழுகிய குடுவைக்குள் போட்டாள். கயிறு அறுந்த இடத்தில் அவர் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

தரக் குழு வந்த நாளும் வந்தது. வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர். அவற்றோடு வெள்ளித் தட்டில் ஆளுக்கொரு கொசு மட்டை. ஏனென்றால் பெருகிய புழுக்களெல்லாம் முந்திய நாளே இறக்கை முளைத்து எழுந்துவிட்டிருந்தன. கண்ணாடி வீட்டிலிருந்து அமைதி விழா மேடைவரை கரும்புகைபோல ஒரு ரீங்காரம் நின்றது.

குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. "கொல்லாமை இந்த மையத்தின் மூச்சு," என்றார் இயக்குநர். பட்! "ஓர் எறும்பைக்கூட" – பட்! பட்! – "நாங்கள் துன்புறுத்துவதில்லை." முன்வரிசையில் மட்டைகள் பொரி வறுப்பதுபோல வெடித்தன. இயக்குநரே தம் கன்னத்தில் தாமே அறைந்துகொண்டு பேசினார்.

தரக் குழுத் தலைவர் வீங்கிய கண்ணோடு கேட்டார்: "இந்தக் கொசுக்களுக்கு யார் பொறுப்பு?"

"நீரில் பிறந்தவை. ஆகவே விலங்கியல்," என்றார் ஜாக்சன்.

"குடுவையில் பிறந்தவை. ஆகவே தாவரவியல்," என்றார் ஷில்பா.

முன்பு ஓர் ஈக்காக அடித்துக்கொண்டவர்கள் இப்போது ஒரு கொசுவும் வேண்டாமென்று அடித்துக்கொண்டார்கள். ஷில்பாவின் மட்டை ஜாக்சனின் காதில் பொரிந்தது. ஜாக்சன் மேடைமேல் இருந்த அமைதிக் கேடயத்தைத் தூக்கி இறக்கினார். ஷில்பாவின் தோள்பட்டை எலும்பு முறிந்த ஓசை ஒலிபெருக்கி வழியாகத் தெளிவாகக் கேட்டது. இரு துறையினரும் நாற்காலிகளோடு மேடை ஏறினார்கள். விளக்கு சரிந்து வரவேற்புப் பதாகை பற்றிக்கொண்டது. விலக்கப் பாய்ந்த இயக்குநர், ஒலிவாங்கிக் கம்பத்தைச் சுழற்றிய வேகத்தில், தரக் குழுத் தலைவரின் முன்பற்கள் இரண்டைப் பெயர்த்தார்.

வால்டர் மேடைக்கு அடியில் புகுந்துகொண்டார். பலகை இடுக்கு வழியாக இரத்தம் சொட்டி அவருடைய வெள்ளைப் பட்டையை நனைத்தது.

தீ அணைந்தபின் தலைவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி, கடமை தவறாமல், தம் கேள்வியைக் கேட்டார். "வழாகத்தில்… வன்முழைச் சாவுகழ்?"

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். முனகியவர்கள் உண்டு, செத்தவர் யாரும் இல்லை. "ஒன்றுமில்லை ஐயா."

பல்லைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் படிவத்தில் கேள்வி இல்லை. நான்கு லட்சத்திலிருந்து பூச்சியத்துக்கு இறங்கிய ஒரே நிறுவனம் என்று, அந்த ஆண்டின் அமைதி விருது அடையாற்று மையத்துக்கே வழங்கப்பட்டது.

விருது வந்த அன்றே ஷண்முகப்ரியாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை போயிற்று: நடவாத நான்கு லட்சம் சாவுகளை எழுதி மையத்துக்குக் களங்கம் விளைவித்தது ஏன்? ஆய்வுக்குக் கூடுதல் அவகாசம் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பமும் அதோடு திரும்பி வந்தது.

வால்டர் இயக்குநர் அறைக்குப் போய் நின்றார். "சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அந்தக் குடுவைல கீற எல்லாத்தையும் சாவடிச்சது நான்தான். எழுதிக் குடுக்கறேன். அதுக்கு டைம் குடுங்க, போதும்."

இயக்குநர் அன்பாகச் சிரித்தார். "கொலை நடந்திருந்தால் விருது வந்திருக்காது, வால்டர். விருது வந்துவிட்டது. ஆகவே கொலை நடக்கவில்லை. நடக்காத கொலையை ஒப்புக்கொள்வது ஒழுங்கீனம். ஆனாலும் உம்மைத் தண்டிக்க மாட்டேன். உமக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம் என்று இருக்கிறேன்."

வால்டர் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில், நீ பாவமே செய்யவில்லை என்று சாமியார் கதவைச் சாத்திவிட்டால் ஒருவன் எங்கே போவான்?

கண்ணாடி வீட்டில் ஷண்முகப்ரியா புதிய குடுவை ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அக்காவிடம் அவள் சொன்னது வால்டர் காதில் விழுந்தது. "மத்ததெல்லாம் எப்படியாவது கொண்டாந்துடுவேன்க்கா. அந்தப் பெரிய புழுதான் கெடைக்கல. மரப்பொந்துல மழைத்தண்ணி நின்னா இருக்கும். போன தடவை ரெண்டு மழைக்காலம் தேடினேன். இப்ப எங்க போவேன்?"

அன்று முதல் வால்டர் மரம் ஏறினார். மயிலாப்பூர்த் தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்களின் பொந்துகளில் கைவிட்டுத் துழாவினார். தியாகராய நகரில், அடுக்குமாடி வீட்டுச் சுவரோரப் புங்க மரத்தில் அவர் தொங்கியபோது, எட்டிப் பார்க்கத்தான் ஏறினான் என்று முடிவு செய்த குடியிருப்போர் இழுத்துப்போட்டு உதைத்தார்கள். "பொந்துல புழு தேடறேன்" என்று அவர் சொன்ன உண்மைக்காகத் தனியாக இரண்டு அடி விழுந்தது. இடக்கைச் சுண்டுவிரல் மடங்கிப்போயிற்று.

நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாள். மந்தைவெளிக்கு அப்பால் கல்லறைத் தோட்டத்தில் சனங்கள் குவிந்திருந்தார்கள். வால்டரின் மனைவி ஐரின், தன் மாமனாரின் கல்லறையைத் தேய்த்துக் கழுவினாள். அக்டோபர் மழை நிறைந்த பூச்சாடியை வால்டரிடம் நீட்டினாள்.

"இதக் கொட்டிட்டு வாங்க. புழு நெளியுது, கருமம்."

வால்டர் சாடியைச் சாய்த்தார். சாய்த்தவர் அப்படியே நிறுத்தினார். நெளிந்துகொண்டிருந்த சிறியவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் நெளியவில்லை. தவிட்டுச் சிவப்பில், தடியாக, காத்திருந்தது. ஒரு சிறியது அதன் பக்கம் போயிற்று. கண் இமைப்பதற்குள் பெரியது அதைக் கவ்வி இரண்டாக மடித்தது.

"ஐரினு! கொல்லுது! நல்லா கொல்லுது!" என்று அவர் கூவினார். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் சிலுவை போட்டுக்கொண்டது.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? ஏங்க, சாடியத் தூக்கிக்கினு எங்க ஓடறீங்க? மாமாவுக்குப் பூ எதுல வக்கிறது?"

"கைல வச்சிக்கினு இரு, வந்துடறேன்!"

மழையில் பேருந்து ஏறி, சாடியை மடியில் அணைத்துக்கொண்டு அடையாறு போனார். ஷண்முகப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். மடங்கிய விரலையும் சாடியையும் பார்த்தாள். சாடியை வாங்கி, உருப்பெருக்கியை வைத்துக் கவனித்தாள். கரண்டியால் அந்தப் புழுவை எடுத்துப் புதிய குடுவைக்குள் மெல்ல இறக்கினாள். இருவரும் காத்திருந்தார்கள். புழு தொங்கியது. ஒரு கொசுப்புழு அலட்சியமாக அருகே நீந்தியது. பாய்ச்சல், கவ்வல், உலுக்கல். நீரில் கொஞ்சம் கலங்கலாக ஏதோ பரவித் தணிந்தது.

"இது பத்தாது," என்றாள் அவள், குரலில் கனிவில்லாமல். "டிசம்பர் வரதுக்குள்ள இது ரெக்கை முளைச்சுப் பறந்துடும். வேற வேற வயசுல இன்னும் வேணும்."

"எத்தினி?"

"கெடைக்கிற வரைக்கும்."

மறுநாள் வால்டர் விடுப்பு எழுதிக் கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் முன்பின் அறியாத குடும்பங்களிடம் போய், கல்லறையைப் பாசி போகத் தேய்த்துக் கொடுக்கிறேன், சாடித் தண்ணீரை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். பைத்தியம் என்று சிலர் விலகினார்கள், சிலர் சம்மதித்தார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் முழங்காலிட்டு, மடங்கிய விரலோடு, ஊரார் பெயர்களை அவர் எழுத்தெழுத்தாகத் தேய்த்தார். ஒவ்வொரு மாலையும் அடையாற்றுக்கு ஒரு சாடி போயிற்று.

டிசம்பரில் தேர்வாளர் வந்தார். குடுவைக்குமேல் குனிந்தவர் அரைமணி நேரம் நிமிரவில்லை. அந்த அரைமணியில் உள்ளே பதினோரு கொலைகள் நடந்தன. ஷண்முகப்ரியா ஒவ்வொன்றையும் விளக்கினாள்.

கதவோரம் நின்றிருந்த வால்டருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. விளக்கி முடித்தவள், தேர்வாளர் கையெழுத்துப் போடும்போது, சுவரோரம் இருந்த முக்காலியைக் காலால் வால்டர் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காருங்கண்ணா. எவ்ளோ நேரம் நிப்பீங்க?"